மஞ்சணத்தி வேரில் நீலம்

12 ஆகஸ்ட் 2024

இன்று மூன்று தடவை கரண்ட் போனது. மூன்றாவது தடவை சாறு பாதி வற்றிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் போடச் சொன்னால், டீசல் ஆபீஸ் ரூமுக்கு மட்டும்தானாம். ஆபீஸ் ரூமில் என்ன ஆராய்ச்சி நடக்கிறதென்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

இதில் பிரின்சிபால் வேறு யாரோ விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஜெயக்கொடி மேடம், உங்க ஆராய்ச்சியைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். நூறாவது தடவை சொன்னேன். மஞ்சணத்தி, அதாவது நுணா மரத்தின் வேர்ப்பட்டைச் சாறு புறஊதா விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிரும். பூஞ்சையின் செல் சுவரைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். வயல் வேலையில் கண்ணில் சருகு குத்திப் பூஞ்சை பிடித்து வருகிறவர்களுக்கு, வெளிநாட்டுச் சாயம் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியிலேயே மைக்ராஸ்கோப்பில் கிருமியைப் பார்த்துவிடலாம். விருந்தாளி எல்லாம் கேட்டுவிட்டு, "மஞ்சணத்திப் பழம் சின்ன வயசுல தின்னுருக்கேன்" என்றார். போங்கய்யா.

சாயங்காலம், கட்டுரை அனுப்பியிருந்த ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து மெயில். கட்டுரையைத் தள்ளவில்லை. ஆனால் இரண்டாவது மதிப்பீட்டாளர் ஒரு குண்டு வைத்திருக்கிறார்: "வேறொரு முறை சேகரித்த வேரிலும் இதே முடிவு வருவதைக் காட்டவும்." அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜனவரி 31 எனக்குக் கடைசி நீட்டிப்பு. அதற்குள் கட்டுரை வரவில்லையென்றால் தீசிஸ் வாங்க மாட்டார்கள். பட்டம் இல்லையென்றால் ஜூனில் இந்தக் கல்லூரி வேலையும் இல்லை. பிரின்சிபால் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆறு வருஷம், முப்பத்தெட்டு வயசு, ஒரு வேர்.

14 ஆகஸ்ட்

தங்கலட்சுமிக்குப் போன் போட்டேன். திருச்சுழியிலிருந்து மினி பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு கிலோமீட்டர் நடந்தால் அவள் காடு. வரப்பில் நாலு மஞ்சணத்தி. நீலம் முதன்முதலாக வந்த மார்ச் வேரை வெட்டிக் கொடுத்ததும் அவள்தான். என்னைவிட ஆறேழு வயசு இளையவள், வாய் மட்டும் எனக்கு மூத்தது.

"போன தடவ ஈரத்தோட கட்டிக் குடுத்து பாதி மூடை பூசணம் பூத்துப் போச்சு தங்கம். இந்தத் தடவ ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது" என்றேன்.

"மண்ணாக் கெடக்குமே மேடம்."

"கெடக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

"காலேசுக்குப் போற சாமான், அப்பிடியே எப்பிடிக் குடுக்கிறது?" என்று இழுத்தாள். சொன்னதைச் செய் என்று வைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

24 ஆகஸ்ட்

மூடை வந்து சேர்ந்தது. அதாவது, நான் போய்த் தூக்கி வந்தேன். மினி பஸ் கண்டக்டர் வேருக்கு லக்கேஜ் போட்டதோடு, "என்ன மேடம், நாட்டு மருந்தா? எங்க மாமனாருக்கு மூட்டுவலி" என்று திருச்சுழி வரைக்கும் விடவில்லை. வேரெல்லாம் கரிசல் மண் அப்பி, எருமைக் கால் மாதிரி இருக்கிறது. இரண்டு நாள் வேலை கழுவுவதற்கே.

3 செப்டம்பர்

ஒளிரவில்லை.

பல்பு போயிருக்கும் என்று பல்பை மாற்றினேன். பழைய மார்ச் சாறு கொஞ்சம் மிச்சமிருந்தது, அதைக் காட்டினால் அதே நீலம், கண்ணைப் பறிக்கிறது. புதுசில் ஏதோ மங்கலாக ஆரஞ்சு. அழுக்கு.

5 செப்டம்பர்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா கொடுத்தார்கள். நீலம் வரவில்லை.

11 செப்டம்பர்

வரலை.

21 செப்டம்பர்

மதுரை. மைக்ராஸ்கோப்புக்கு மூன்று வாரம் முன்னாடி பதிந்து, விடிகாலை பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தேன். அதைப் பார்த்துக்கொள்கிற சத்யபிரியா நல்ல பெண். மார்ச் சாற்றை முதன்முதலில் பார்த்தபோது, "மேடம், நாங்க பாட்டில்ல வாங்குற சாயம் மாதிரியே இருக்கு, கொஞ்சங்கூட வித்தியாசம் இல்ல" என்று சொன்னவள். அன்றைக்கு எங்கள் கல்லூரியிலேயே இருக்கிற என் வழிகாட்டி வேதநாயகம் சாரும் நானும் அந்த ஒரு வார்த்தைக்கு ஊருக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தோம்.

இன்று புதுச் சாற்றை ஊற்றிப் பார்த்துவிட்டு, "செல் சுவர்ல ஒண்ணுமே ஒட்டல மேடம். உள்ளுக்குள்ள லேசா ஆரஞ்சு தெரியுது, அதை சேவ் பண்ணவா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். பாவம், அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

4 அக்டோபர்

வேதநாயகம் சார் அறையில் முக்கால் மணி நேரம். நல்ல மனுசர், ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம். மஞ்சள் வேரில் நீலம் வந்தபோது கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணியவர். அந்தச் சேர்மத்துக்குப் பெயரும் அவரே வைத்துவிட்டார், 'திருச்சுழின்' என்று. கட்டமைப்பே தெரியாமல் பெயர். சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்தக் கைநழுவிப் போகிற சாமானுக்குப் பெயர்.

"பருவம்மா. மார்ச்சுல கோடை ஆரம்பம், செடி தாகத்துல அதை உண்டாக்கும். ஆகஸ்டுல உண்டாக்காது" என்றார்.

"ஆகஸ்டுலயும் எங்க ஊர்ல செடி தாகத்துலதான் சார் இருக்கு."

முறைத்தார். நானும் முறைத்தேன். அப்புறம் டீ வந்தது.

19 அக்டோபர்

பாலவனத்தம் பக்கம் இரண்டு மரம், வீரசோழன் ரோட்டில் ஒரு மரம் — நானே கடப்பாரை பிடித்துத் தோண்டினேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மூன்றிலும் அதே மங்கல் ஆரஞ்சு. ராபின் கையைப் பார்த்துவிட்டு மருந்து போட்டுக்கொண்டே, "உங்க திருச்சுழின் திருச்செந்தூருக்குப் போயிருச்சு போல" என்றார். கட்டின புருஷன் என்பதால் விட்டேன்.

சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது. மார்ச் மூடையில் இருந்தது என்ன? தங்கலட்சுமி வெட்டினது மஞ்சணத்திதானா?

9 நவம்பர்

வந்ததும் வராததுமா நோட்டை எடுத்துட்டேன். தங்கலட்சுமி பேசின பேச்சை வார்த்தை விடாமல் எழுதி வைக்கப் போறேன். நாளைக்கு எனக்கே மறந்துபோய், பாவம்னு தோணிரக் கூடாது.

காட்டுக்கே போயிட்டேன். மழை பெஞ்சு கரிசல் செருப்பைப் பிடிச்சு இழுக்குது. களை எடுத்துட்டிருந்த அஞ்சாறு பொம்பளைக நிமிந்து பாக்கிறாக. அவுக முன்னாடியே கேட்டேன்: "மார்ச்சுல நீ குடுத்தது மஞ்சணத்தியே இல்ல. வேற எதையோ வெட்டி மூடைய நிரப்பிட்ட. எத்தனை பேரை இப்பிடி ஏமாத்துற?"

களைக்கொத்தைக் கீழே போட்டா. "என்ன வார்த்தை சொன்னீக?"

திரும்பவும் சொன்னேன். ஆமா, திரும்பவும் சொன்னேன்.

"ஏமாத்துற பொழப்பு எங்களுக்கு எதுக்கு மேடம்? மொதத் தடவ படிச்சவுக கைக்குப் போற சாமான்னு, பெரிய வாளியில பவுடரு போட்டு ராமுச்சூடும் ஊற வச்சு, பெரஸ்ஸு வச்சு ஒவ்வொரு வேராத் தேச்சு, வெள்ளை வெளேர்னு குடுத்தேன். என் நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடந்துச்சு ஒரு வாரம். அதுக்கு பூசணம்னு ஏசுனீக. சரி, கழுவாம மண்ணோட குடுத்தேன். இப்பத் திருடிங்கிறீக. இனிமே இந்தக் காட்டுப் பக்கம் வராதீக. வந்தா மரியாதை கெட்டுப் போகும்."

இதுக்குத்தான் இவ்வளவு வாய். கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல, கழுவினேன் தேச்சேன்னு கதை. பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காந்து அழுதேன். எதுக்கு அழுதேன்னு தெரியல, நான்தான ஏசிட்டு வந்தேன்?

24 நவம்பர், ஞாயிறு

ஐயோ.

ஐயோ ஐயோ ஐயோ.

மழைக்குப் பிறகு கொல்லையில் தேள் நடமாட்டம். புறஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக மின்னும் என்று எப்போதோ நான்தான் ராபினுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு டார்ச் வாங்கி வைத்துக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி சுற்றுகிறார். இன்று பொழுது சாய்ந்ததும் கொல்லைக்குப் போனார். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். டார்ச்சைத் திருப்பும்போது வெளிச்சம் கொடியில் கிடந்த அவருடைய வெள்ளை ஆலயச் சட்டையில் பட்டது.

நீலம். பளீரென்று. அதே நீலம். எட்டு மாசமாக மனப்பாடமாக இருக்கிற, கனவில் வருகிற அதே நீலம்.

"ஏ ஜெயா, சட்டையைப் பாரு, திருச்சுழின்" என்று சிரித்தார். எனக்குக் காதில் விழுந்தது அவர் குரல் இல்லை. 'பெரிய வாளியில பவுடரு போட்டு.' உள்ளே ஓடிவந்து இந்த நோட்டைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. வன்மத்தில் வார்த்தை விடாமல் எழுதினேனே, நல்லவேளை.

துணி வெளுப்பாகத் தெரிவதற்கு சலவைப் பவுடரில் ஒளிர்கிற சாயம் சேர்ப்பார்கள். பஞ்சில் ஒட்டுகிற சாமான் நார்ச்சத்து எதில் இருந்தாலும் ஒட்டும். வேரில் ஒட்டும். பூஞ்சையின் சுவரிலும் ஒட்டும். சத்யபிரியா வைத்திருக்கிற பாட்டில் சாயமே முதலில் துணிக்காகப் பண்ணினதுதான். இது எனக்குத் தெரியும்! மூன்றாம் வருஷப் பிள்ளைகளுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்!

27 நவம்பர், புதன்

திங்கள் காலை, லேப் திறந்ததும். ஒரு சிட்டிகை பவுடர், தண்ணீர், வெங்காயத் தோல். விளக்கைப் போட்டேன்.

அழகாக இருந்தது.

பிறகு ஆகஸ்ட் மூடையில் கழுவாமல் மிச்சமிருந்த வேரை வீட்டிலிருந்து கொண்டுபோன பவுடர் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி சாறு எடுத்தேன். என் ஆறு வருஷ ஆராய்ச்சியை இரண்டே நாளில் ஒரு வாளித் தண்ணீரில் தயாரித்துவிட்டேன். கரைப்பானை மட்டும் தனியாகச் சோதித்தேன், வடிதாளைச் சோதித்தேன், கண்ணாடிக் குடுவையைச் சோதித்தேன். வேரை யார் எப்படிக் கழுவினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு அவள் போன் நம்பர் என்னிடம் இருந்தது.

28 நவம்பர்

சாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் மேஜையில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு, "மதிப்பீட்டாளர் கேட்டது இன்னொரு தடவை வருதான்னுதான? வருது. இதோ வந்துருக்கு" என்றார்.

"சார்!"

"பருவ வேறுபாடுன்னு ரெண்டு வரி எழுதும்மா. ஜனவரி முப்பத்தொண்ணு உனக்கு ஞாபகம் இருக்கா? யாரு வேரைத் தேடிட்டு திருச்சுழிக்கு வரப் போறா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது, ஓய்வுபெறும்போது சொல்லிக்கொள்ள அவருக்கும் அது ஒன்றுதான். ஆனாலும் மனுசர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

30 நவம்பர்

பொய் எழுத மாட்டேன், இது என் நோட்டு. வீட்டுக்கு வருகிற பஸ் முழுக்க நானும் அதைத்தான் நினைத்தேன். ரெண்டே வரி. பட்டம், வேலை, "டாக்டர் ஜெயக்கொடி" என்று கதவில் பலகை. பிறகு எவனாவது ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் என் கட்டுரையை நம்பி வேரை வெட்டிச் சாறு எடுப்பான். ஒன்றும் ஒளிராது. பூஞ்சை இல்லை என்று எழுதிக் கொடுப்பான். அந்த ஆளுக்குக் கண் போகும்.

நானும் எருமை மாதிரி உட்கார்ந்து கீழே இறங்க மறந்து, பஸ் டிப்போ வரைக்கும் போய்விட்டேன்.

2 டிசம்பர்

பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். "ஒளிர்வுக்குக் காரணம் வேரில் இருந்த சலவைப் பவுடர். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்." ஆறு வருஷம், இரண்டு வரியில் முடிந்துவிட்டது. ஆக, ரெண்டு வரி எப்படியும் எழுத வேண்டியதாகத்தான் இருந்தது.

முதலில் சாருக்குக் காட்டினேன். வாசித்துவிட்டு, "என் பேரையும் சேத்துப் போடு" என்றார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ராபினிடம் சொன்னேன். கேலி பண்ணுவார் என்று பார்த்தால், தோசை ஊற்றிக் கொடுத்தார். அதற்குக் கேலியே பண்ணியிருக்கலாம்.

18 ஜனவரி 2025

பொங்கல் லீவு முடிவதற்குள் போய்விட வேண்டுமென்று போனேன். தங்கலட்சுமி வாசலில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். "தப்பு என் மேலதான் தங்கம், நீ குடுத்தது மஞ்சணத்திதான், பவுடர்தான் மின்னிருக்கு" என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் கொட்டினேன்.

"அன்னிக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீக. இன்னிக்கு யாருமில்லாதப்ப வந்து சொல்றீக" என்றாள். "வேலை கெடக்கு மேடம்."

சரிதான். மிளகாய் நெடியில் இருமிக்கொண்டே திரும்பினேன்.

25 ஜனவரி

மறுபடி போனேன். ஆறு பேர் களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னாடியும் சொன்னேன். வெள்ளைத்தாய் என்கிற பெண் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். தங்கலட்சுமி சிரிக்கவில்லை. ஆனால் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

31 ஜனவரி

தேதி முடிந்தது. சாயங்காலம் ஆலயத்துக்குப் போனேன். ஜெபிக்க ஒன்றும் தோன்றவில்லை, உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

3 ஜூன்

கல்லூரியில் நீட்டிக்கவில்லை. பாலவனத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ உயிரியல். முதல் நாளே ஒருத்தி, "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டுவிட்டாள். இன்னும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவே ஆரம்பிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் மறுபதிவுக்கு மனு போட்டிருக்கிறேன். கையெழுத்துக்காகப் போனபோது சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, லேப் சாவியை மேஜையில் தள்ளினார். "சனிக்கிழமை யாரும் வர மாட்டாங்க. அந்த ஆரஞ்சு என்னன்னு பாரு."

"அழுக்குன்னு நினைச்சேன் சார்."

"நானுந்தான்."

28 ஜூன்

ஆரஞ்சு மஞ்சணத்தியுடையதுதான். புதுசு ஒன்றும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே யாரோ கண்டுபிடித்துப் பெயர் வைத்த சாயம். நீலத்தில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூட இல்லை. செல் சுவரில் ஒட்டவில்லை, உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. எந்த மூலை, ஏன் என்பதற்கு இன்னும் மூன்று வருஷம் ஆகும். சத்யபிரியாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கு எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, ஆனா சேவ் பண்ணித்தான் வச்சிருக்கேன் மேடம்" என்றாள். இந்த வருஷம் முழுக்க நான் மன்னிப்புக் கேட்டே காலம் தள்ளுவேன் போல.

12 ஜூலை, சனி

தங்கலட்சுமி வந்தாள்.

ஆதார் திருத்த வேலையாக டவுனுக்கு வந்தவள், விசாரித்துக்கொண்டு நேராக லேப்புக்கே வந்துவிட்டாள், தோளில் மஞ்சள் பையோடு. "என்னமோ மின்னுது மின்னுதுன்னு என்னைய அந்தப் பாடு படுத்துனீக. அதை ஒரு தடவ காட்டுங்க, பாத்துட்டுப் போறேன்."

ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு புறஊதா விளக்கைப் போட்டேன். குடுவைக்கு முன்னாடி அவளே மின்னினாள். கம்மல் தெரியவில்லை, கழுத்து தெரியவில்லை — அவள் போட்டிருந்த வெள்ளை ஜாக்கெட், துவைத்துப் போட்டது, ஒரே நீலம். கையைத் தூக்கிப் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கா மேடம் அன்னிக்கு என்னையத் திருடின்னீக?"

"இதுக்குத்தான்."

இருட்டில் ஜாக்கெட் கையைத் தடவிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, நான் அழுதுகொண்டிருந்தேன்.

"சரி விடுங்க. வேரு எங்க?"

காட்டினேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

மஞ்சள் பையைப் பிரித்து, தாளில் சுற்றின ஒரு வேரை எடுத்து மேஜையில் வைத்தாள். கரிசல் மண் அப்படியே இருந்தது. "எங்க காட்டு மரமில்ல, இது வெள்ளைத்தாய் வீட்டு மரம். தண்ணி காட்டல, தொடச்சுக்கூட விடல. இதையும் பாத்துருங்க, பெறகு யாராவது கேக்கப் போறாக."

ஓரத்தைச் சீவி, ஸ்பிரிட்டில் போட்டு, கால் மணி நேரம் இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். விளக்கைப் போட்டேன். அதே மங்கல் ஆரஞ்சு.

லேபிளில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "என் பேர எழுதுங்க, வெட்டுனது நானு" என்றாள். எழுதினேன்: வெள்ளைத்தாய் வீட்டு மரம், வெட்டியவர் தங்கலட்சுமி, கழுவவில்லை.